ஆர்னிஸ் குச்சி: எதை வாங்குவது, எப்படிப் பழகுவது?

கேள்வி: பிலிப்பைன்ஸின் டாவோ நகரில் மருத்துவம் படிக்கிறேன். விடுதிக்குப் பக்கத்தில், ஆர்னிஸ் என்ற இந்நாட்டுக் குச்சிச் சண்டைக் கலை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். “ஒரு ஜோடி பாஸ்தோன் வாங்கி வா” என்று ஆசிரியர் சொல்லிவிட்டார், அதாவது பயிற்சிக் குச்சி. கடையில் மெல்லியது, தடித்தது, தீயில் சுட்டுக் கோலம் போட்டது, கன்னங்கரிய கமகோங் மரத்தில் செய்தது என்று பல வகை. விலையிலும் ஏக வித்தியாசம். எதை எடுப்பது?

பதில்: பிரம்பை எடுங்கள். தோல் உரிக்காத, 28 அங்குல நீளமுள்ள, ஏறத்தாழ ஓர் அங்குல விட்டமுள்ள பிரம்பு. ஒரு ஜோடியோடு நிறுத்தாமல் இரண்டு ஜோடியாக வாங்குங்கள். கமகோங்குக்கு வைத்திருக்கும் பணத்தில் நல்ல கண் கவசம் ஒன்றை வாங்குங்கள்.

ஏன் பிரம்பு? ஆர்னிஸ், எஸ்க்ரிமா, காளி என்று எந்தப் பெயரில் சொல்லிக் கொடுத்தாலும், இந்தக் கலையில் பயிற்சியின் பெரும்பகுதி குச்சியோடு குச்சி மோதுவதுதான். ஒரு மணி நேர வகுப்பில் உங்கள் குச்சி நூற்றுக்கணக்கான அடி வாங்கும். பிரம்பு உள்ளே பொந்து இல்லாத கொடி. நீளவாக்கில் ஓடும் நார்களால் ஆனது. அடிபட அடிபட நைந்து, நுனி துடைப்பம் போல விரியுமே தவிர, படீரென்று இரண்டாக உடைந்து ஒரு துண்டு எதிரில் நிற்பவரின் முகத்துக்குப் பறக்காது. மூங்கில் அப்படியல்ல, பிளக்கும்போது கத்திமுனை போன்ற சிம்புகளோடு பிளக்கும். கடினமரம் எச்சரிக்கையே இல்லாமல் முறியும். பிரம்பு தன் ஆயுள் முடிவதை முன்கூட்டியே காட்டிவிடும், மோதல் பயிற்சிக்கு அதைத் தேர்ந்தெடுக்க இதுவே முதல் காரணம்.

தடிமனைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஓர் அங்குலக் குச்சிக்கும் முக்கால் அங்குலக் குச்சிக்கும் பார்வைக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் கணக்குப் போட்டால், முக்கால் அங்குலக் குச்சியில் இருக்கும் பொருள் மற்றதில் பாதியைவிடச் சற்றுத்தான் அதிகம். எடையும் அப்படியே குறையும். 2009இல் பிலிப்பைன்ஸின் குடியரசுச் சட்டம் 9850 ஆர்னிஸை அந்நாட்டின் தேசியத் தற்காப்புக் கலையாகவும் விளையாட்டாகவும் அறிவித்தது. பள்ளிகளில் உடற்கல்விப் பாடத்திலும் ஆர்னிஸ் உண்டு. அதனால் மாணவர்களுக்கென்று மெல்லிய, மலிவான குச்சிகளும் கடைகளில் கிடைக்கும். மதிப்பெண்ணுக்காக நாலு அசைவு செய்து காட்ட அவை போதும், வாராவாரம் மோதிப் பழக ஆகாது.

கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சில சோதனைகள் உண்டு. குச்சியைச் சமமான மேசையிலோ தரையிலோ உருட்டிப் பாருங்கள், வளைந்திருந்தால் துள்ளித் துள்ளி உருளும். லேசான வளைவு பரவாயில்லை. பிறகு அறுத்த முனையைப் பாருங்கள். சின்னச் சின்னத் துளைகள் நெருக்கமாக, ஒரே சீராக இருக்க வேண்டும். கட்டை விரல் நகத்தால் முனையின் நடுவில் அழுத்தும்போது பள்ளம் விழுந்தால் அது இளம் பிரம்பு, சீக்கிரம் நைந்துவிடும். அடுத்து, இரண்டு குச்சிகளையும் ஒன்றோடொன்று தட்டுங்கள். நல்ல பிரம்பு ‘டக்’ என்று தெளிவாகப் பேசும். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் மந்தமாக வரும். கடைசியாகக் கணுக்களைப் பாருங்கள். பிடிக்கும் இடத்தில் கணு துருத்திக்கொண்டிருந்தால் உள்ளங்கை கொப்புளித்துவிடும்.

ஊசி குத்தியது போன்ற துளைகளும், அவற்றிலிருந்து உதிரும் மாவும் தெரிந்தால் வண்டு அரித்திருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் மற்ற குச்சிகளையும் கெடுத்துவிடும். தீயில் சுட்ட கோலம் அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். அதனால் பலம் கூடாது. கருகிய பட்டைகளுக்கு நடுவே இந்தத் துளைகள் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால் அவற்றைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

ஜோடி என்று கட்டி வைத்திருப்பதாலேயே அது ஜோடியாகிவிடாது. ஒவ்வொரு கையிலும் ஒன்றைப் பிடித்து, கண்ணை மூடி, லேசாகச் சுழற்றிப் பாருங்கள். ஒன்று கனமாகத் தோன்றினால் கட்டைப் பிரித்து வேறு எடுத்துத் தரச் சொல்லுங்கள். அங்குள்ள கடைக்காரர்களுக்கு இது பழகிய வேண்டுகோள்தான்.

கேள்வி: என் உயரம் ஐந்தடிக்கும் குறைவு. 28 அங்குலக் குச்சி எனக்கு நீளமாகத் தெரிகிறது. வெட்டிக்கொள்ளலாமா?

பதில்: முதலில் உங்கள் ஆசிரியர் எந்த ஆர்னிஸ் முறையில் பழகி வந்தவர் என்று கேளுங்கள். 28 அங்குலம் என்பது பரவலான அளவு, கட்டாயம் அல்ல. ஏஞ்சல் கபாலெஸ் அமெரிக்காவின் ஸ்டாக்டன் நகரில் கற்பித்த செர்ராடா முறை நெருங்கி நின்று ஆடுவது, அதற்கு 24 அங்குலம் அளவிலான குட்டைக் குச்சியே வசதி. லார்கோ மானோ எனப்படும் தள்ளி நின்று ஆடும் முறைகளில் 30 அங்குலத்துக்கு மேலும் போவார்கள். செபு நகரில் 1932இல் தொடங்கிய தோசே பாரெஸ், அங்கேயே 1950களில் வெனான்சியோ பாக்கோன் உருவாக்கிய பாலிந்தவாக் என்று ஒவ்வொரு முறைக்கும் தனித் தூரம், தனிக் கணக்கு உண்டு. முறைக்குப் பொருந்தாத குச்சியோடு போனால் ஆசிரியர் சொல்லும் தூரம் உங்களுக்குப் பிடிபடவே பிடிபடாது.

ஆசிரியர் ‘உன் வசதி’ என்று விட்டுவிட்டால், கையை நீட்டி அக்குளிலிருந்து உள்ளங்கை வரை அளந்துகொள்ளுங்கள். அந்த நீளம் உங்களுக்குச் சரியாக இருக்கும். வெட்டுவதானால் பல் நெருக்கமான ரம்பத்தால், வெட்டும் இடத்தில் டேப் சுற்றிவிட்டு வெட்டுங்கள். நார் பிய்ந்து வராது. வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். அந்தக் கூர் விளிம்பு மற்றவர் முழங்கையைக் கிழித்துவிடும்.

நீளத்தைவிடக் கனம்தான் உங்களுக்கு முக்கியம் என்பேன். குச்சியைச் சுழற்றி நிறுத்த நினைத்த இடத்தில் நிறுத்த முடிகிறதா? முடியாமல் மணிக்கட்டு இழுபட்டுக்கொண்டு போனால் அந்தக் குச்சி உங்களுக்குக் கனம். முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்டதாகப் பாருங்கள்.

கேள்வி: வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. நடுப்பகுதி தும்பு தும்பாகப் பிரிகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: பெரும்பாலும் இல்லை. கிரிக்கெட் பந்து தேய்வதற்குக் கடைக்காரரை யாரும் குறை சொல்வதில்லை. பிரம்பும் தேய்ந்து தீரும் பொருள்தான். தோல் உரித்த பிரம்பாக இருந்தால் இன்னும் வேகமாகத் தீரும்.

எங்கே தேய்கிறது என்று பாருங்கள். நுனியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் தேய்ந்தால் உங்கள் அடி சரியான இடத்தில் விழுகிறது. கைக்கு அருகில், நடுவில் தேய்ந்தால் எதிராளியோடு மிக நெருங்கி நிற்கிறீர்கள், அல்லது நுனியால் அடிக்காமல் குச்சியால் தள்ளுகிறீர்கள். நீங்கள் நடுப்பகுதி என்று எழுதியிருப்பதால் இதை ஆசிரியரிடம் காட்டிக் கேளுங்கள்.

மோதும் பகுதியில் துணி டேப்பை ஒரு சுற்று, பாதிக்குப் பாதி மேலேறும்படி, இழுத்துச் சுற்றுங்கள். ஆயுள் நன்றாகவே நீளும். மின் வேலைக்குப் பயன்படும் இன்சுலேஷன் டேப்பும் தாங்கும், ஆனால் பிசுபிசுக்கும். தோலில் முதல் விரிசல் தெரியும்போதே சுற்றுவது நல்லது. நார் முழுக்கப் பிரிந்த பிறகு சுற்றினால் உள்ளே கூழாகிக் கிடப்பது வெளியே தெரியாமல் போகும். அழுத்தினால் மெத்தென்று உள்வாங்கும் குச்சியை மோதலுக்கு எடுக்காதீர்கள். தனிப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

டாவோவில் வறண்ட பருவம் என்று தனியாகக் கிடையாது, ஆண்டு முழுக்க மழை. அறை மூலையில் ஈரச் சுவரோடு சாய்த்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், வளையும். காற்றோட்டமான இடத்தில் படுக்கையாக வையுங்கள். தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று நம்மவர்கள் கேட்பார்கள். அது காயாத எண்ணெய், குச்சி வழுக்கும், நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். தடவத்தான் வேண்டும் என்றால் காய்ந்து இறுகும் ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தடவி, ஒட்டாத அளவுக்குக் காயவிடுங்கள்.

கேள்வி: கமகோங் என்று சொல்லி இணையத்தில் விற்றார்கள். வாங்கிய குச்சியைத் துடைத்தால் துணியில் கறுப்பு ஒட்டுகிறது. திருப்பித் தர முடியாது என்கிறார்கள்.

பதில்: கமகோங் என்பது கருங்காலி இனத்து மரம். கருங்காலி மாலை என்று சாயம் ஏற்றிய மணிகளை நம் ஊரில் விற்கிறார்களே, அதே கதைதான் அங்கேயும். உண்மையான கமகோங்கின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையில் கறுப்புக்கும் பழுப்புக்கும் இடையே ரேகைகள் ஓடும். தலை முதல் கால் வரை ஒரே கறுப்பாக இருந்தாலே சந்தேகப்படலாம். முனையில் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே வெளுப்பு தெரிந்தால் சாயம். இன்னொரு வழி எடை: ஒரே அளவுள்ள பிரம்புக் குச்சியைவிடக் கமகோங் ஏறத்தாழ இரண்டு மடங்கு கனக்கும்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அவர்கள் சொல்வது பிலிப்பைன்ஸில் செல்லாது. 1992ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம் அங்கே இருக்கிறது. வர்த்தக, தொழில் துறை அந்த மாதிரி அறிவிப்புப் பலகை வைப்பதையே தடை செய்திருக்கிறது. மனம் மாறிவிட்டது என்று கேட்டால் கடைக்காரர் மறுக்கலாம். சொன்ன பொருளுக்குப் பதில் வேறு பொருள் என்றால் மறுக்க முடியாது. விளம்பரப் பக்கத்தின் படம், ரசீது, சுரண்டிய இடத்தின் புகைப்படம் மூன்றையும் வைத்து முதலில் விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அந்தத் துறையின் உள்ளூர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

பணம் திரும்பி வந்தால் இன்னொரு கமகோங் தேடி அலையாதீர்கள். தனியாகச் சுழற்றிப் பழக மட்டும்தான் அதற்கு வேலை. வகுப்பில் ஒரு பிரம்போடு அது மோதினால் அடுத்தவர் குச்சி போய்விடும், விரலில் பட்டால் எலும்பு போய்விடும்.

கேள்வி: பதினோரு வயது மகனைச் சேர்க்க ஆசை. பஞ்சு சுற்றிய குச்சி போதுமா? என்னென்ன கவசம் வாங்க வேண்டும்?

பதில்: பஞ்சுக் குச்சியில் பயம் இல்லாமல் ஆடலாம், அது நல்லது. போட்டிகளிலும் அது உண்டு. 2019இல் பிலிப்பைன்ஸில் நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் பஞ்சுக் குச்சிக்கும் அசல் குச்சிக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. ஆனால் அது எடை குறைவு, பட்டதும் எகிறுவதும் வேறு மாதிரி. அதிலேயே பழகிய பையனுக்குப் பிரம்பு கைக்கு வந்ததும் எல்லாம் புதிதாக இருக்கும். அசைவுகளைக் கற்க மெல்லிய பிரம்பு, விளையாட்டுச் சண்டைக்குப் பஞ்சுக் குச்சி என்று இரண்டும் இருக்கட்டும்.

கண் கவசம் முதல் நாளிலிருந்தே வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். சாதாரண மூக்குக் கண்ணாடி கவசம் ஆகாது, அது உடைந்தால் அதுவே ஆபத்து. பாலிகார்பனேட்டால் ஆன, பக்கவாட்டிலும் மூடியிருக்கும் கவசம் வாங்குங்கள். எல்லோரும் பிரம்பு கையுமாக நிற்கும் அறையில் வரிசையில் காத்திருக்கும் பிள்ளைக்கும் அது வேண்டும். சண்டைப் பயிற்சி தொடங்கும்போது கம்பி முகமூடி உள்ள தலைக்கவசம், விரல்களை மூடும் கையுறை. அதற்கு ஓரிரு ஆண்டு ஆகலாம், இப்போதே வாங்கினால் தலை வளர்ந்து அளவு மாறிவிடும்.

சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். பழைய காலத்தில் குறி எதிராளியின் கைதான். கையை அடித்தால் குச்சி விழும். மாடர்ன் ஆர்னிஸை வகுத்த ரெமி பிரேசாஸ், மாணவர்கள் அடிபட்டு ஓடிவிடக் கூடாது என்று, பயிற்சியில் கைக்குப் பதில் குச்சியை அடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். குழந்தைகளுக்கு அந்த வழிதான் சரி. விரல் வீங்கிய பிள்ளையைப் பார்த்து ‘அப்படித்தான் பழகணும்’ என்று சொல்லும் இடத்தில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: வாரத்துக்கு ஒரு வகுப்புதான். வீட்டில் தனியாக எப்படிப் பழகுவது? டயர் வாங்கித் தொங்கவிடச் சொல்கிறார் நண்பர்.

பதில்: டயர் நல்ல யோசனை, ஆனால் இப்போது வேண்டாம். பிடி சரியாவதற்கு முன் டயரை வெளுத்தால் முழங்கையின் வெளிப்பக்கத் தசைநாரில் வலி பிடித்துக்கொள்ளும், பிறகு விடவே விடாது. குச்சியின் அடியில் இரண்டு அங்குலம் வெளியே நீட்டியிருக்கும்படி பிடியுங்கள். கட்டை விரலைக் குச்சியின் மேல் நீட்டாமல் மற்ற விரல்களின் மேல் மடக்குங்கள். நீட்டினால் மோதலில் அது சுளுக்கும்.

வகுப்பில் சொல்லித் தந்த அடிக்கோணங்களை, அதாவது அடி வரும் திசைகளை, பன்னிரண்டோ ஐந்தோ, கண்ணாடி முன் மெதுவாகச் செய்யுங்கள். குச்சி எங்கே நிற்கிறது, மற்றக் கை சும்மா தொங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம் அதையே இடக்கையால் செய்யுங்கள். சினாவாலி என்ற இரட்டைக் குச்சிப் பின்னலில் தடுமாறுபவர்களில் பெரும்பாலானோருக்கு இடக்கை பழகாததுதான் சிக்கல். தொடங்குமுன் கையையும் குச்சியையும் நீட்டி ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். மின்விசிறியும் டியூப்லைட்டும் எட்டினால் மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். இரண்டு மாதம் போய், கைவலி இல்லாமல் பிடி நின்றுவிட்டால் டயர் கட்டலாம். பழைய டயர் போதும், பஞ்சர் கடையில் கேட்டாலே கிடைக்கும்.

கேள்வி: படிப்பு முடிந்து சென்னை திரும்புகிறேன். குச்சிகளை விமானத்தில் கொண்டுவரலாமா?

பதில்: கைப்பையில் கூடாது, பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். பதிவு செய்யும் பெட்டியில் வையுங்கள். 28 அங்குலக் குச்சி பெரிய பெட்டியில் குறுக்காகத்தான் கொள்ளும், வாங்குமுன் பெட்டியை அளந்துகொள்ளுங்கள். கமகோங் பிலிப்பைன்ஸில் பாதுகாக்கப்பட்ட மரம், வெட்டவும் வெளியே அனுப்பவும் அரசு அனுமதி வேண்டும். அனுமதிக் காகிதம் தர முடியாத கடையில் அதை வாங்க வேண்டாம்.