அது எப்படிச் சாப்பிட்டது?

மதிப்பிற்குரிய ஐயா,

சில ஆண்டுகளாக உங்களை வாசித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல்முறை. மூன்று மாதங்களுக்கு முன் என் அப்பா காலமானார். அடுத்த சில வாரங்களில் அவருடைய அறை ஜன்னலில் ஒரு பறவை வந்து கண்ணாடியைக் கொத்த ஆரம்பித்தது. தினமும் காலையில் வருகிறது. விரட்டினாலும் திரும்ப வருகிறது. உறவினர்கள் அப்பாதான் வந்திருக்கிறார் என்கிறார்கள். ஒருவர், ஏதோ குறை வைத்துவிட்டோம், அதைச் சொல்லத்தான் வருகிறது என்றார். இணையத்தில் தேடினால் மாற்றம் வரப்போகிறது, பழையதை விட்டுவிடு, செல்வம் சேரும் என்று இடத்துக்கொரு பொருள் போட்டிருக்கிறார்கள். அம்மா அந்த ஜன்னலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தே இருக்கிறார். நான் இதையெல்லாம் நம்பாமல் வளர்ந்தவன். இப்போது நம்பலாமா கூடாதா என்று தெரியவில்லை.

இன்னொன்று. வார இறுதிகளில் மாணவர்களுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கிறேன். கழுகின் மறுபிறப்பு, வாத்துக்கூட்டத்தின் தலைமைப் பண்பு, அன்னத்தின் ஒருதார வாழ்க்கை, ஆந்தையின் ஞானம் என்று ‘பறவைகள் கற்றுத்தரும் பாடங்கள்’ தொடர் உரை ஒன்றைத் தயாரித்து வருகிறேன். அப்பா போனபின் என்னைத் தூக்கி நிறுத்தியதே அந்தக் கழுகுக் கதைதான். இன்னும் எந்தப் பறவைகளைச் சேர்க்கலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ச.

*

அன்புள்ள ச.,

இப்படிப்பட்ட கடிதங்களுக்கு இரண்டு வரியில் தனியாகப் பதில் போட்டுவிட்டு என் வேலையைப் பார்ப்பதுதான் வழக்கம். உங்கள் கடிதத்தில் கழுகு இருந்தது. அந்தக் கழுகோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஒரு மாதமாக அதை எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

அப்பா இல்லாத வீட்டின் முதல் மூன்று மாதங்கள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஜன்னலுக்குக் கடைசியில் வருகிறேன்.

சில்லறைகளை முதலில் தீர்த்துவிடலாம். ஆந்தையைக் கிரேக்கர்கள் அறிவுத் தெய்வமான அதீனாவோடு சேர்த்து நாணயத்தில் பொறித்தார்கள். நம்மவர்கள் அது அலறினால் யார் வீட்டில் சாவு என்று பயந்தார்கள். இரண்டு பேச்சும் ஆந்தையின் காதுக்குப் போகவில்லை. அந்தக் காது எலியின் காலடிக்காகத் தீட்டப்பட்டது. அன்னத்தின் ஒருதார வாழ்க்கையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எந்தக் குஞ்சு எந்தத் தகப்பனுடையது என்று மரபணுச் சோதனை செய்ய ஆரம்பித்த பிறகு, பறவைகளின் குடும்பக் கதையை மேடையில் சொல்வது ஆபத்தான தொழிலாகிவிட்டது. ஆஸ்திரேலியாவின் கருப்பு அன்னங்களின் கூடுகளிலேயே வேற்றுத் தந்தையின் குஞ்சுகள் இருந்திருக்கின்றன.

வாத்துக்கூட்டம் அவ்வளவு மோசமில்லை. ‘வி’ வடிவில் பறந்தால் 71 சதவீதம் கூடுதல் தூரம் போகலாம் என்று உங்கள் உரையில் நிச்சயம் ஒரு வரி இருக்கும், எல்லோருடைய உரையிலும் இருக்கிறது. 1970இல் லிஸ்ஸமன், ஷோலன்பெர்கர் என்ற இருவர் 25 பறவைகள் கொண்ட ஒரு கூட்டத்துக்குக் காகிதத்தில் போட்ட கணக்கு அது. நிஜப் பறவையின் முதுகில் கருவி கட்டி அளந்தது பிற்பாடு. மனிதர் கையால் வளர்ந்த 14 மொட்டைத்தலை அரிவாள்மூக்கன்கள், தங்களை வளர்த்தவர் உட்கார்ந்திருந்த சிறு விமானத்தைத் தொடர்ந்து ஆஸ்திரியாவிலிருந்து இத்தாலிக்கு வலசை பழகின. முன்னால் போகும் பறவையின் சிறகு கிளப்பிவிடும் மேல்காற்று தனக்குக் கிடைக்கும்படி பின்னால் வருவது தன் சிறகடிப்பைப் பொருத்திக்கொள்கிறது என்று அவற்றை அளந்த ஆய்வாளர்கள் 2014இல் எழுதினார்கள். மறுவருடம் வந்த கட்டுரைதான் எனக்குப் பிடித்தது. முன்னால் பறப்பது கஷ்டமான வேலை, லாபமில்லாத இடம். அதனால் அவை ஜோடி சேர்ந்து இடம் மாறிக்கொள்கின்றன. எனக்கு நீ எவ்வளவு நேரம் காற்றைப் பிளந்தாயோ ஏறக்குறைய அவ்வளவு நேரம் நானும் உனக்கு. இதற்கு நம் ஊர்ப் பேச்சில் கைமாற்று என்று பெயர். நீங்கள் தலைமைப் பண்பு என்கிறீர்கள். சரி, இருக்கட்டும்.

இனி கழுகு. வாசகர்களில் யாராவது இன்னும் கேள்விப்படாமல் தப்பியிருந்தால் அவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கழுகு எழுபது ஆண்டு வாழுமாம். நாற்பதில் அதன் நகம் வளைந்து, அலகு மடங்கி, இறகு கனத்து, வேட்டையாட முடியாமல் போகுமாம். சாவதா மாறுவதா என்ற கேள்வி வருமாம். உடனே அது மலையுச்சிக்குப் போய் அலகைப் பாறையில் மோதி மோதி உடைத்து எறியுமாம். புது அலகு முளைத்ததும் அதனால் நகங்களைப் பிடுங்குமாம். புது நகம் முளைத்ததும் இறகுகளைப் பிடுங்குமாம். 150 நாள் கழித்து இன்னொரு முப்பது ஆண்டு வாழ்க்கைக்குப் பறந்துவிடுமாம்.

இதை நானும் மேடையில் சொல்லியிருக்கிறேன். பதினைந்து ஆண்டுக்கு மேல் இருக்கும், ஒரு பள்ளி விழா. நன்றாகப் பேசினேன். எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், எந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அப்போதே கைவந்த கலை. முடித்ததும் கேள்வி உண்டா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டேன். ஒன்பதாம் வகுப்பு இருக்கும், ஒரு பெண் எழுந்தாள்.

“சார், அலகே இல்லாம அஞ்சு மாசம் அது எப்படி சார் சாப்பிட்டுச்சு?”

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு நொடிகூட யோசிக்காமல், “பசியை மறந்ததாலதாம்மா அது கழுகு. எப்பவும் பசியையே நினைச்சா கோழி!” என்றேன். அரங்கமே சிரித்தது. கைதட்டல் வேறு. அவள் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துப் பெண் அவளை முழங்கையால் இடித்துச் சிரிப்பதையும் அவள் தலையைக் குனிந்துகொள்வதையும் நான் பார்த்தேன். இறங்கும்போது ஓர் ஆசிரியர் என் கையைப் பிடித்து, “நல்ல பதிலடி சார்” என்றார்.

பதிலடி. பதிமூன்று பதினான்கு வயதுக் குழந்தை ஒரு கேள்வி கேட்டால் அதற்குப் பெயர் அடி, நாம் கொடுப்பது பதிலடி. அன்றைக்கு அந்த அரங்கில் கழுகைப் பற்றி யோசித்தவள் அவள் ஒருத்திதான். மற்ற எல்லோரும், நான் உட்பட, தங்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். அதன்பின் விட்டுவிட்டு விட்டுவிட்டுத் தேடிக்கொண்டே இருக்கிறேன். பறவையின் அலகு உள்ளே எலும்பு, மேலே நம் நகம் போன்ற ஒரு உறை. உறை வாழ்நாள் முழுக்க வளரும். இரை கிழிப்பதிலும் கிளையில் பாறையில் தேய்த்துத் துடைப்பதிலும் தேய்ந்துகொண்டே இருக்கும். கதையில் வரும் பாறை இதுதான் என்றால் கழுகு அதைச் சும்மா போகிற போக்கில் செய்கிறது. எலும்போடு உடைந்தால் கதை வேறு. 2005இல் அலாஸ்காவில் யாரோ சுட்டதில் மேலலகு போன ஒரு பெண் வெண்தலைக் கழுகு கிடைத்தது. அதனால் இரையைக் கிழிக்க முடியவில்லை, இறகு கோத முடியவில்லை. மனிதர்கள் ஊட்டி உயிரைக் காப்பாற்றினார்கள். 2008இல் செயற்கை அலகு செய்து பொருத்தினார்கள். ப்யூட்டி என்று பெயர் வைத்தார்கள். மறுபடி காட்டுக்கு அனுப்பவில்லை, அனுப்பியிருந்தால் செத்திருக்கும். அந்தப் பெண்ணின் கேள்விக்கு இதுதான் பதில்: சாப்பிடவில்லை அம்மா, சாப்பிட முடியாது.

எழுபது வயதும் அப்படித்தான். 1977இல் குஞ்சாக இருக்கும்போது காலில் வளையமிட்ட ஒரு வெண்தலைக் கழுகு 2015இல் நியூயார்க் மாநிலத்தில் கார் மோதி இறந்தது. வயது 38. காட்டில் வாழ்ந்த வெண்தலைக் கழுகுகளில் வயது தெரிந்தவற்றில் அதுதான் அப்போது மூத்தது. கதைக் கழுகு மலையேறக் கிளம்பும் வயதுவரை அது வரவேயில்லை.

இறகு இன்னும் வேடிக்கை. கழுகு ஒரே மூச்சில் இறகை உதிர்ப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்க்கும். மொத்த இறகும் மாற ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். பறக்கும் இறகு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உதிர்த்துவிட்டுச் சில வாரங்கள் பறக்க முடியாமல் நாணலுக்குள் ஒளிந்து கிடக்கும் பறவை ஒன்று உண்டு. வாத்து. ஆனால் வாத்தின் மறுபிறப்பு என்று தலைப்பு வைத்தால் யார் வருவார்கள்?

கதை பொய், அதற்கென்ன, ஊக்கம் கிடைக்கிறதே என்பீர்கள். எல்லோரும் இதையே சொல்கிறார்கள், எனக்கு எரிச்சல் வருவதும் இங்கேதான். இந்தக் கதை யாரிடம் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். வேலை போனவனிடம், பரீட்சையில் தோற்றவளிடம், விவாகரத்து ஆனவரிடம், அப்பாவைப் பறிகொடுத்தவரிடம். ஏற்கெனவே ரத்தம் வழிய நிற்பவரைப் பார்த்து, போதாது, இன்னும் பாறையில் மோதிக்கொள், நகத்தையும் பிடுங்கு, அப்போதுதான் நீ கழுகு என்கிறோம். செய்ய முடியாமல் வீட்டு மூலையில் சுருண்டு கிடப்பவர் தன்னைக் கோழி என்று நினைத்துக்கொள்கிறார். சொல்பவர் குளிரூட்டிய அரங்கில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அவருடைய அலகு பத்திரமாக இருக்கிறது. நான் அப்படி நின்றிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். நீங்களும் நிற்கிறீர்கள். நிறுத்துங்கள்.

உங்களைக் கழுகுக் கதை தூக்கி நிறுத்தியது என்கிறீர்கள். எனக்கு நம்பிக்கையில்லை. இந்த மூன்று மாதம் நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள், தூங்கியிருக்கிறீர்கள், வகுப்பெடுத்திருக்கிறீர்கள், அம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்திருக்கிறீர்கள். எதையும் உடைக்கவில்லை, பிடுங்கி எறியவில்லை. நிஜக் கழுகும் ஓரிரண்டு இறகாக உதிர்த்துக்கொண்டு, நடுவில் ஒருநாளும் பறக்காமல் இருப்பதில்லை... பார்த்தீர்களா, நானும் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். இந்த நோய் லேசில் போகாது.

வள்ளுவர் கொக்கைச் சொல்லவில்லையா, காக்கை பகலில் கூகையை வெல்லும் என்று சொல்லவில்லையா என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். சொன்னார். கொக்கு அப்படித்தான் நிற்கும், அப்படித்தான் குத்தும். காக்கைகள் பகலில் ஆந்தையைச் சூழ்ந்து விரட்டுவதை இன்றைக்கும் யாரும் பார்க்கலாம். பார்த்துவிட்டுப் பேசுகிறவருக்கு அந்த உரிமை உண்டு. எனக்கு அதைவிடப் பெரியவர் சத்திமுத்தப் புலவர். பசி, குளிர், ஊருக்குத் திரும்ப வழியில்லை. அந்த நிலையிலும் மேலே போன நாரையின் அலகு பிளந்த பனங்கிழங்கு போல இருக்கிறது என்று அவருக்குக் கண்ணில் பட்டிருக்கிறது. அவர் அந்த நாரையிடம் வாழ்க்கைப் பாடம் எதையும் கேட்கவில்லை. என் மனைவியைப் பார்த்தால் நான் இப்படிக் கிடக்கிறேன் என்று சொல் என்றார். உதவி கேட்டார்.

உரையில் எந்தப் பறவைகளைச் சேர்க்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஜன்னல். கூடு கட்டும் காலத்தில் பறவைகள் தங்கள் எல்லைக்குள் இன்னொன்று நுழைந்தால் பொறுக்காது. கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை எதிரி என்று நினைத்து மோதும். எதிரி நகராது, அதனால் வாரக்கணக்கில் மோதும். உள்ளே திரை போட்டுப் பயனில்லை. உள்ளே இருட்டானால் பிம்பம் இன்னும் துலங்கும். கண்ணாடிக்கு வெளிப்புறம் அந்தப் பறவை வந்து கொத்தும் பாதியை மட்டும் துணியாலோ காகிதத்தாலோ மூடுங்கள். பாவம், அதற்குக் கூட்டில் வேலை இருக்கும். குறை வைத்துவிட்டீர்கள் என்று சொன்ன உறவினரைக் கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பக்கம் விடாதீர்கள்.

இந்தப் பத்தியை அம்மாவிடம் வாசித்துக் காட்ட வேண்டாம். நாற்காலியை எடுக்கவும் வேண்டாம். மூடாத பாதி அவருக்கு இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தை நான்கு முறை வாசித்தேன். அந்தப் பறவைக்கு உறவினர் சொன்ன பொருள் இருக்கிறது, இணையம் சொன்ன பொருள் இருக்கிறது, உங்கள் குழப்பம் இருக்கிறது. அது என்ன பறவை என்று எங்கேயும் இல்லை. பெரிதா சிறிதா, வால் எப்படி, என்ன நிறம், கத்துகிறதா, தனியாக வருகிறதா, ஒன்றும் இல்லை. தினமும் காலையில் வருகிற விருந்தாளியைப் பற்றி இவ்வளவு நீளம் எழுதிவிட்டு, ஆள் எப்படி இருப்பார் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை.

அம்மாவிடம் கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும். கேட்டு எழுதுங்கள்.