மேனியாக் காப் (1988): கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

மேனியாக் காப் பத்தி ஒரு கேள்வி பதில் வைங்கன்னு கொஞ்ச நாளா நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க, சரி இன்னைக்கு உக்காந்தாச்சு. ஸ்பாய்லர் தாராளமா வரும். 88 மே மாசம் வந்த படத்துக்கு ஸ்பாய்லர் சொல்லிட்டேன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க.

கேள்வி (தூக்கம் வராதவன்): அண்ணா இது பேய்ப் படமா போலீஸ் படமா? ரெண்டு விதமாவும் சொல்றாங்க, குழப்பமா இருக்கு.

ரெண்டும்தான். நியூயார்க், ராத்திரி, ஹோட்டல்ல வேலை பாக்குற ஒரு பொண்ணு டூட்டி முடிஞ்சு வீட்டுக்கு போகுது, ரெண்டு வழிப்பறிக்காரனுங்க துரத்துறானுங்க. அது ஓடுது, தூரத்துல யூனிஃபார்ம்ல ஒரு போலீஸ்காரர் நிக்கிறத பாத்துட்டு அப்பாடான்னு அவர்கிட்ட ஓடுது, அவர் அந்த பொண்ணோட கழுத்த புடிச்சு அப்படியே முறிச்சுடுறாரு. படம் ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துலயே இது. வேலியே பயிரை மேயுற கதைன்னு நாம சொல்லுவோமே, அதுதான் மொத்த படமும். அதுக்கப்புறம் அந்த வழிப்பறிக்காரனுங்க மாட்டிக்கிட்டு, நாங்க இல்ல சார் ஒரு போலீஸ்தான் கொன்னான்னு கதறுறானுங்க, எவனும் நம்ப மாட்டான். இந்த இடத்துலயே இது ஒரு க்ரைம் கதையாவும் ஆயிடுது. கொலைகாரன் யாருன்னு தேடுறது ஒரு பக்கம், அவன் டிபார்ட்மென்ட் ஆளா இருந்தா வெளிய சொல்லலாமா கூடாதாங்கிற உள்குத்து இன்னொரு பக்கம்.

என்னைக் கேட்டா இது நல்ல போலீஸ் படம், சுமாரான ஸ்லாஷர் படம் (ஒரு கொலைகாரன் ஒவ்வொருத்தரா போட்டுத் தள்ளுற வகை). வெறும் வெட்டு குத்துக்காக வந்தவங்களுக்கு கொஞ்சம் ஏமாத்தமா இருக்கும்.

கேள்வி (பழைய கேசட்): பட்ஜெட் எவ்வளவு ப்ரோ? ஓடுச்சா?

சுமார் 11 லட்சம் டாலர். அமெரிக்க தியேட்டர்ல வந்தது 7 லட்சத்துக்கும் கீழ. அதாவது தியேட்டர் கணக்குல தோல்விப் படம். ஆனா அந்த காலத்துல வீடியோ கேசட்னு ஒரு தனி மார்க்கெட் இருந்துச்சு, வெளிநாட்டு உரிமை இருந்துச்சு, இந்த மாதிரி படங்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டது அதுதான். பேரும் போஸ்டரும் கடைல அலமாரில நிக்கிறவன இழுக்கணும், அவ்வளவுதான் கணக்கு. பேர்தான் முதல்ல பொறந்துச்சு, கதை அப்புறம்தான். டைரக்டர் வில்லியம் லஸ்டிக் 1980ல மேனியாக்னு ஒரு படம் எடுத்திருந்தாரு, ரைட்டர் லாரி கோஹன் பேச்சுவாக்குல அதையே மேனியாக் காப்னு ஆக்கினா என்னன்னு கேட்டதுலதான் ஆரம்பிச்சுச்சு.

கேள்வி (கேமரா கார்த்தி): நியூயார்க்ல தான் எடுத்தாங்களா? அந்த ஊர்வல சீன் பாத்தா பெரிய செலவு மாதிரி தெரியுதே.

பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலஸ்ல எடுத்தது. நியூயார்க்ல கொஞ்சம்தான், ஆனா அந்த கொஞ்சத்த எங்க வச்சாங்க பாருங்க, அங்கதான் மூளை. படத்துல வர்ற செயின்ட் பேட்ரிக்ஸ் டே (ஐரிஷ்காரங்க கொண்டாடுற நாள்) ஊர்வலம் நெஜமான ஊர்வலம். மார்ச் 17, வருஷா வருஷம் நடக்குறது, நியூயார்க் போலீஸ்காரங்களே சீருடைல ஆயிரக்கணக்குல அணிவகுத்து போவாங்க. போலீஸ் கொலைகாரன பத்தின படத்துக்கு இதைவிட என்ன வேணும், காசு குடுத்து கூட்டணும்னா 11 லட்சம் அங்கயே காலி. அங்க டிவி ரிப்போர்ட்டரா மைக்க புடிச்சுட்டு நிக்கிறது யாருன்னு உத்துப் பாருங்க, ஈவில் டெட் எடுத்த டைரக்டர் சாம் ரைமி.

இன்னொரு சுவாரசியம், லாரி கோஹன் இதே ஊர்வலத்த 1976ல தன்னோட காட் டோல்ட் மீ டு படத்துக்கும் பயன்படுத்திட்டாரு, அதுலயும் ஊர்வலத்துல போற ஒரு போலீஸ்காரன் திடீர்னு சுட ஆரம்பிப்பான். அந்த போலீஸ்காரனா வந்தது காமெடியன் ஆண்டி காஃப்மன். அப்ப பெர்மிஷன் கூட வாங்காம கேமராவ தூக்கிட்டு உள்ள நுழைஞ்சு எடுத்தது. மனுஷனுக்கு அந்த யோசனை பன்னெண்டு வருஷமா மண்டைல ஓடிட்டே இருந்திருக்கு.

கேள்வி (மொட்டை மாடி): கார்டெல் செத்துட்டானா இல்லையா? எனக்கு கடைசி வரைக்கும் புரியல.

புரியாதது உங்க தப்பு இல்ல, முதல் பாகம் வேணும்னே மழுப்புது. மேட் கார்டெல் ஒரு முரட்டு போலீஸ், கைய வச்சா உடைச்சுட்டுதான் விடுவான். கமிஷனர் மாதிரி மேலிடத்து ஆளுங்களோட ஊழல் அவனால வெளிய வந்துடும்னு தெரிஞ்சதும் அவன் மேலயே கேஸ போட்டு சிங் சிங் ஜெயிலுக்கு அனுப்பிடுறாங்க. சிங் சிங்னா நெஜமாவே நியூயார்க்குக்கு வடக்க ஹட்சன் ஆத்தோரம் இருக்குற பழைய ஜெயில். அவன் புடிச்சு உள்ள தள்ளுன ஆளுங்களே அங்க இருக்கானுங்க, குளிக்கிற இடத்துல வச்சு முகத்தையெல்லாம் கிழிச்சு சாய்ச்சுடுறானுங்க. செத்துட்டான்னு எழுதி முடிச்சாச்சு. அப்புறம் ஜெயில் டாக்டர் ரகசியமா சொல்றாரு, கொஞ்சம் உயிர் இருந்துச்சு, மூளை மட்டும் போச்சு, ஆள வெளிய அனுப்பிட்டேன்னு. இது வரைக்கும் பேய் இல்ல.

ஆனா தெரசாங்கிற பெண் போலீஸ் அவன்கிட்ட மாட்டி தப்பிச்சு வந்து என்ன சொல்றா? கை ஐஸ் மாதிரி இருந்துச்சு, மூச்சே இல்ல, சுட்டேன் நின்னான்னு. டாக்டர் பேச்ச நம்புறதா இவ பேச்ச நம்புறதான்னு படம் நம்மள நடுவுல விட்டுடுது. ரெண்டாம் பாகத்துல (1990) அழுகிப்போன முகத்தோட அப்பட்டமா செத்தவன், மூணாம் பாகத்துல (1993) வூடூ மந்திரவாதி வந்து எழுப்புறான். எனக்கு முதல் பாகத்தோட மழுப்பல்தான் பிடிக்கும். மந்திரவாதி வந்ததும் பயம் போயிடுச்சு.

கேள்வி (கேமரா கார்த்தி): சரி முகத்த ஏன் காட்டவே மாட்டேங்குறாங்க? மேக்கப்புக்கு காசு இல்லையா?

காசும் ஒரு காரணமா இருக்கலாம், ஆனா காசு இருந்திருந்தாலும் இப்படித்தான் எடுத்திருக்கணும். போலீஸ் தொப்பியோட முனை நிழல் முகத்துல விழுது, மிச்சம் வெள்ளை கையுறை, பட்டன், பேட்ஜ், அந்த லத்தி. லத்திக்குள்ள கத்தி மறைஞ்சிருக்கும், அத அவன் மெதுவா உருவுற சத்தம் இருக்கே, முகத்த விட அதுதான் எனக்கு கிலி. முகம் இல்லன்னா எந்த போலீஸ்காரனும் அவனா இருக்கலாம்ங்கிறதுதான் கதையே.

நடிச்சது ராபர்ட் ஸடார். அவருக்கு செருபிசம்னு தாடை எலும்பு பெருசாகுற ஒரு நிலை, அந்த தாடை அவரோடது, மேக்கப் இல்ல. மறுவருஷம் டாங்கோ அண்ட் கேஷ்ல வந்தப்ப அவர் கேரக்டர் பேரே ஃபேஸ்.

கேள்வி (ரமணி அக்கா): தம்பி, ஈவில் டெட் ஹீரோ புரூஸ் கேம்ப்பெல் இருக்காருன்னு பாத்தேன், பாதி படம் ஆளையே காணோமே?

அக்கா இந்த புகார் எல்லாரும் சொல்றதுதான். ஆனா அதுதான் இந்த படத்தோட நல்ல வேலை. முதல் பாதி ஹீரோ டாம் அட்கின்ஸ், மக்ரே ங்கிற டிடெக்டிவ். இவர்தான் கொலைகாரன் நெஜ போலீஸ்னு முதல்ல சந்தேகப்படுறாரு, மேலதிகாரிங்க அமுக்க பாக்குறாங்க, இவர் டிவிக்காரங்க கிட்ட விஷயத்த கசியவிட்டுடுறாரு. அதோட விளைவு என்ன? ராத்திரி கார் நின்னு போன ஒரு அம்மா உதவி பண்ண வந்த அப்பாவி போலீஸ சுட்டுடுறாங்க. நல்லது பண்ணப் போய் ஒரு உயிர் போகுது, அத படம் ஒரே சீன்ல சொல்லிட்டு நிக்காம போயிடுது, எனக்கு அந்த சீன் தான் படத்துலயே உச்சம்.

அப்புறம் நடுவுலயே மக்ரேவ ஜன்னல் வழியா தூக்கி வீசி சாகடிச்சுடுறாங்க. அதுக்கப்புறம் கேம்ப்பெல் பாரத்த சுமக்கணும். அவர் கேரக்டர் ஜாக்கும் உத்தமன் இல்ல, பொண்டாட்டி இருக்கும்போது தெரசாவோட மோட்டல்ல இருக்காரு, பொண்டாட்டி பின்னாடியே வந்து பாத்துடுறா, அப்புறம் அவ பொணம் அதே மோட்டல்ல கிடைக்குது, பழி ஜாக் மேல. டிபார்ட்மென்டுக்கு வசதியா போச்சு, ஆள் கிடைச்சாச்சு கேஸ க்ளோஸ் பண்ணலாம்னு.

கேள்வி (லாஜிக் லோகு): பழி வாங்க வந்தவன் ஏன் சம்பந்தமே இல்லாத ஜனங்கள கொல்றான்? கமிஷனர கொன்னா போதாதா?

இந்த கேள்விக்கு படத்துல ஒழுங்கான பதில் இல்ல, பூசி மெழுக மாட்டேன். ஊர்ல போலீஸ் மேலயே பயம் வரணும்னு பண்றான்னு நாமளா சேத்து வச்சுக்கலாம், மூளை போன ஆளுன்னும் சொல்லலாம். ஆனா உண்மையான காரணம், ஸ்லாஷர்னா பத்து நிமிஷத்துக்கு ஒரு பொணம் விழணும், கமிஷனர் கடைசிலதான் சாகணும், நடுவுல யாராவது வேணுமே. ஈர சிமென்ட்ல ஒரு பாட்டுக்காரன் முகத்த அமுக்குற கொலை இருக்கு பாருங்க, கதைக்கும் அதுக்கும் ஒரு நூல் தொடர்பு கிடையாது.

சாலி கேரக்டர இன்னும் கொஞ்சம் எழுதியிருந்தா சரி ஆயிருக்கும். கால்ல இரும்பு ப்ரேஸ் போட்ட போலீஸ்கார அம்மா, கார்டெலோட காதலி, அவன மறைச்சு வச்சு தகவல் குடுக்குறதே இவங்கதான், ஜாக் பொண்டாட்டிக்கு போன் போட்டு உன் புருஷன்தான் கொலைகாரன்னு ஏத்திவிடுறதும் இவங்கதான். செத்தவன காதலிக்கிற ஒருத்தி! முழு படமே எடுக்கலாம் இத வச்சு. ஷெரீ நார்த் கிடைச்ச ரெண்டு மூணு சீன்ல நல்லா பண்ணிட்டாங்க, ஆனா கடைசில கார்டெல் இவங்களையும் விடல.

கேள்வி (வரலாறு வாத்தியார்): போலீஸ் மேல அவ்வளவு பயம் அன்னைக்கு நெஜமாவே இருந்துச்சா சார், இல்ல சினிமாவா?

இருந்துச்சு சார். நியூயார்க் போலீஸ் லஞ்சத்த விசாரிச்ச நாப் கமிஷன் அறிக்கை 1972லயே வந்தாச்சு, ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, டிபார்ட்மென்ட் முழுக்க பரவியிருக்குன்னு. 1984ல எலினோர் பம்பர்ஸ்னு 66 வயசு கறுப்பின அம்மா, நியூயார்க்லயே பிராங்க்ஸ்ங்கிற ஏரியால வீட்டு வாடகை பாக்கின்னு காலி பண்ண வைக்கப் போன இடத்துல போலீஸ் துப்பாக்கியால சுட்டுக் கொன்னாங்க, சுட்ட அதிகாரி 1987ல விடுதலை ஆயிட்டாரு. அதுக்கு மறுவருஷம் இந்த படம். படத்துல டிவிக்காரங்க ரோட்டுல ஜனங்ககிட்ட பேட்டி எடுப்பாங்க, எங்களுக்கு போலீஸ்னா எப்பவுமே பயம்தான்னு பேசுவாங்க. அந்த துண்டு சீன்கள் பாக்குறப்ப ஸ்டூடியோல உக்காந்து யோசிச்ச மாதிரி தெரியாது. லஸ்டிக்கே பிராங்க்ஸ்ல பொறந்தவர்தான்.

போஸ்டர்ல இருந்த வாசகமும் அதே கிண்டல்தான். அமெரிக்காவுல கைது பண்ணும்போது நீ பேசாம இருக்க உனக்கு உரிமை உண்டுன்னு போலீஸ் படிச்சு காட்டணும்ல, அதோட நிரந்தரமான்னு ஒரு வார்த்தைய ஒட்டிட்டாங்க.

கேள்வி (குறும்பட குரு): சின்ன பட்ஜெட்ல த்ரில்லர் எடுக்கப் போறேன் அண்ணா, இதுல இருந்து என்ன எடுத்துக்கலாம்?

தம்பி முதல்ல ஒண்ணு, காச எல்லா சீனுக்கும் சமமா பிரிச்சு தூவாதீங்க. இந்த படத்துல பாதி சீன் ஆபீஸ் ரூம், காரிடார், பார், ரெண்டு பேர் நின்னு பேசுறது. அங்க டாம் அட்கின்ஸ், ரிச்சர்ட் ரவுண்ட்ரீ (1971 ஷாஃப்ட் ஹீரோ, இதுல கமிஷனர்), வில்லியம் ஸ்மித்னு அனுபவப்பட்ட ஆளுங்கள வச்சுட்டாங்க, வசனம் நின்னுடுச்சு. மிச்ச காசெல்லாம் கடைசி துரத்தல்ல. வேன் பாஞ்சு தண்ணில விழுற ஷாட் கம்ப்யூட்டர் இல்ல, ஆள் தொங்கிட்டே போறாரு. ஸ்டன்ட் பாத்தது ஸ்பைரோ ரசாடோஸ், பிற்பாடு ஃபாஸ்ட் ஃபைவ் மாதிரி பெரிய படங்களுக்கெல்லாம் ஆக்‌ஷன் எடுத்தவர். உங்க படத்துல அப்படி தொங்க விடாதீங்க, தயவு செஞ்சு. ஒரு நல்ல ஸ்டன்ட் மாஸ்டர் இல்லன்னா அந்த சீனே வேண்டாம்.

அப்புறம் சொந்தக்காரங்கள கூப்பிடுங்க, ஃப்ரீ. இந்த படத்துல ஒரு டிடெக்டிவா தலை காட்டுறது குத்துச்சண்டை சாம்பியன் ஜேக் லமோட்டா, டைரக்டருக்கு மாமா முறை.

கேள்வி (மொட்டை மாடி): ரெண்டு, மூணு பாகம் பாக்கலாமா? ரீமேக் வருதுன்னாங்களே?

ரெண்டு கட்டாயம் பாருங்க, முதல விட நல்லா இருக்கும்னே சொல்லுவேன். ராபர்ட் டேவி டிடெக்டிவ், கார்டெல் ஒரு சீரியல் கில்லரோட கூட்டு சேருவான், கடைசில உடம்பு முழுக்க நெருப்போட ஒருத்தர் நடந்து வர்றது எல்லாம் நெஜ நெருப்பு, இப்ப எவனும் எடுக்க மாட்டான். முதல் பாகத்து ஜோடி மேல பாசம் வச்சிருந்தீங்கன்னா மனச தேத்திக்கிட்டு உக்காருங்க, அவ்வளவுதான் சொல்லுவேன். மூணு வேண்டாம், டைரக்டரே பாதில வெளிய போயிட்டாரு, படத்துலயும் அது தெரியும்.

ரீமேக் பேச்சு வருஷக்கணக்கா ஓடுது. 2019ல எச்பிஓ டிவி சீரிஸ்னு அறிவிப்பு கூட வந்துச்சு, நான் அத நம்பி காத்திருக்கல.

கேள்வி (ரமணி அக்கா): பசங்களோட பாக்கலாமா தம்பி?

வேண்டாம் அக்கா. ரத்தத்துக்காக கூட சொல்லல, ராத்திரி தொலைஞ்சு போனா போலீஸ் மாமாகிட்ட போன்னு சொல்லி வளக்குறோம்ல, அந்த பாடத்த இந்த படம் முதல் சீன்லயே கெடுத்துடும். அவங்க தூங்கினதும் நீங்க பாருங்க, ஒன்றரை மணி நேரம் கூட கிடையாது.