ஒப்பந்தப் பணத்தைக் கடனுக்குக் கட்டுவதா, சந்தையில் போடுவதா?

கேள்வி: எனக்கு 19 வயது. ரிப்பன், பந்து, வளையம் வைத்து இசைக்கு ஆடும் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸில் தனிநபர் பிரிவில் தேசிய அணியில் இருக்கிறேன். என் பயிற்சிக்காகப் பெற்றோர் வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கினார்கள். இப்போது ஒரு விளையாட்டு உடை நிறுவனம் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் தர முன்வந்திருக்கிறது. வரும் பணம் முழுவதையும் கடனுக்கே கட்டிவிட நினைக்கிறேன். தோழியோ பங்குச் சந்தையில் போடச் சொல்கிறாள். எது சரி?

பதில்: பெற்றோரின் கடனை முதலில் நினைத்தீர்களே, அது பெரிய மனசு. ஆனாலும் இரண்டுமே வேண்டாம் என்பேன். நீங்கள் ஆட்டத்தை நிறுத்தும் நாளுக்குத்தான் முதல் பங்கு.

உங்கள் துறையில் அந்த நாள் சீக்கிரமே வந்துவிடுகிறது. 2008, 2012 என இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற யெவ்கேனியா கனாயேவா 22 வயதில் ஓய்வு பெற்றார். டோக்கியோவில் தங்கம் வென்ற லினோய் அஷ்ரமும் அதே வயதில் விடைபெற்றார். ஸ்பெயினின் கரோலினா ரோட்ரிகஸ் 30 வயதில் ரியோவில் ஆடினார், உண்மைதான். அதைப் பார்த்து மகிழலாம், அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. பரிசுப் பணத்தையும் நம்ப முடியாது. ஒலிம்பிக்கில் உங்கள் விளையாட்டுக்கு இருப்பதே தனிநபர், குழு என இரண்டு தங்கம்தான். பாரிஸில் தனிநபர் பிரிவில் ஆடியவர்கள் 24 பேர். அங்கே வென்றாலும் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி பரிசுத்தொகை தருவதில்லை. ஆக, உங்கள் வருமானம் முழுக்க உங்கள் இடுப்பையும் முதுகையும் கணுக்காலையும் நம்பித்தான் நிற்கிறது.

அதனால் ஒவ்வொரு தவணை வந்ததும் முதலில் வரியை எடுத்து வையுங்கள். அப்புறம், ஆட்டத்தை விட்ட பிறகு இரண்டு ஆண்டு படிக்கவும் சாப்பிடவும் போதுமான தொகையைப் பாதுகாப்பான வைப்புநிதியில் சேருங்கள். மூன்று நான்கு வருடத்தில் தேவைப்படும் பணம் அது. சந்தை சரிந்திருக்கும் நேரத்தில் உங்கள் முழங்காலும் கைவிட்டால், நஷ்டத்தில் விற்றுத்தான் செலவு செய்ய வேண்டிவரும். தோழி சொல்வது பத்து வருடம் தொடாத பணத்துக்குப் பொருந்தும்.

வீட்டுக் கடனின் மாதத் தவணை தவறவே கூடாது, அதை இந்தப் பணத்திலிருந்தே கட்டுங்கள். அதிக வட்டியில் வேறு கைக்கடன், கார்டு கடன் இருந்தால் அதை உடனே முடியுங்கள். அசலைக் குறைப்பது இரண்டாம் ஆண்டு வேலை. இந்தக் கணக்கைப் பெற்றோரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். மகளின் எதிர்காலத்தைக் காலி செய்து கடன் அடைய வேண்டும் என்று எந்தப் பெற்றோரும் கேட்க மாட்டார்கள்.

உடை, நடன அமைப்பாளர், பயணம் எல்லாவற்றுக்கும் ரசீது வையுங்கள். சில நாடுகளில் இவற்றை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். பயிற்சியாளர் அல்லது நடுவர் சான்றிதழுக்கு இப்போதே படிக்க முடியுமா என்றும் பாருங்கள்.

கையெழுத்துப் போடும் முன், காயத்தால் சில மாதம் ஆட முடியாவிட்டால் தொகை குறையுமா, நிற்குமா என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள். நின்றுவிடும் என்று இருந்தால், ஒரு வழக்கறிஞரை வைத்து அந்தப் பிரிவை மாற்றக் கேளுங்கள்.