எழுபது வருஷம் என்று சொன்னவர்

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். மலேசியா, பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். என் கணவர் பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் 11 வருஷம் வேலை செய்தார். போன மாதம் ஆட்குறைப்பு என்று நிறுத்திவிட்டார்கள். வீட்டுக் கடன், கார் கடன், இரண்டு பிள்ளைகள். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எனக்கு வாக்குத்தத்த அட்டையில் வந்தது எரேமியா 29:11. அதைப் பிடித்துக்கொண்டுதான் ஜெபிக்கிறேன். ஆனாலும் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து நெஞ்சு படபடக்கிறது. பயப்படுவது அவிசுவாசம் என்று ஜெபக்குழுவில் சொல்கிறார்கள். 500 வெள்ளி (ரிங்கிட்) விசுவாசக் காணிக்கை வைத்தால் மூன்று மாதத்தில் வேலை வரும் என்று ஓர் ஊழியர் சொன்னார். கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். எனக்கு மூன்று கேள்விகள். மனச்சமாதானம் வர எப்படி ஜெபிக்க வேண்டும்? தூக்கத்துக்கு டாக்டரிடம் போவது விசுவாசக் குறைவா? மெதடிஸ்ட் சபையில் இருக்கும் நான் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றலாமா?

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

மெழுகுவர்த்தி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மனம் இழுத்தால் போய் வாருங்கள். ஜூலை 26 அன்னம்மாள் திருநாளை ஒட்டி அங்கே கூடுகிறவர்களில் கத்தோலிக்கர் அல்லாதவர்களும் உண்டு. அரைமணி நேரம் அங்கே உட்கார்ந்து ஜெபித்துவிட்டு வந்தால் உங்கள் மெதடிஸ்ட் விசுவாசம் கரைந்துபோகாது.

டாக்டரிடம் கட்டாயம் போங்கள். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிதான். தூக்கம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை வாரமாக இல்லை, எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, சாப்பாடு இறங்குகிறதா என்பதையும் சொல்லுங்கள். எலியா சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டபோது தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தார். மறுபடி தட்டி எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேப் மலையில் கர்த்தர் பேசியது அதற்கு 40 நாள் கழித்துத்தான். எலியாவுக்கு வந்த அந்த நினைப்பு உங்களுக்கோ உங்கள் கணவருக்கோ எட்டிப் பார்த்தால் கிளினிக் திறக்கும் வரை காத்திருக்கவே வேண்டாம். மனம் உடைந்தவர்கள் பேசுவதற்கென்றே இருக்கும் பிஃப்ரெண்டர்ஸில் 24 மணி நேரமும் போனை எடுப்பார்கள்: 03-7627 2929.

காணிக்கை விஷயத்தில் எனக்குக் கோபம் வருகிறது, உங்கள்மேலும்தான். சம்பளம் நின்றுபோன வீட்டிலிருந்து 500 வெள்ளியை எடுத்துக் கொடுக்க எப்படி யோசித்தீர்கள்? இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும் என்று காணிக்கையைப் பற்றிப் பேசும் இடத்திலேயே பவுல் எழுதி வைத்திருக்கிறார், இரண்டு கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில். கொடுக்காதீர்கள். மூன்று மாதம் என்று கர்த்தரின் பெயரால் கெடு வைக்க அந்த ஊழியருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அப்படிக் கெடு வைத்த ஒருவனுடைய கதை, உங்கள் வாக்குத்தத்த வசனத்துக்கு முந்தின அதிகாரத்திலேயே இருக்கிறது. நீங்கள் அதை வாசித்திருக்க மாட்டீர்கள். அட்டையில் பதினோராம் வசனம் மட்டும்தானே இருக்கும்!

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பிருந்தே என் மனதை அரித்துக்கொண்டிருப்பது இந்த அட்டைதான். தமிழ்ச் சபைகளில் வருஷக் கடைசி ராத்திரி தட்டு சுற்றி வரும். ஆளுக்கொன்று எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். ஒரு மூலையில் ரோஜாப்பூ, நடுவில் ஒற்றை வசனம், கீழே சபையின் பெயர். வீட்டுக்கு வந்ததும் பிரிட்ஜ் கதவில் ஒட்டுவோம். அந்த வழக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். வசனத்தை அதன் அதிகாரத்திலிருந்து பிய்த்தெடுத்துக் கொடுப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எரேமியா 28ஐ எடுங்கள். கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமின் ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். ஆலயத்துப் பாத்திரங்களும் போயின. மிஞ்சியவர்களுக்கு நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. அப்போது அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக எழுந்து, இரண்டே வருஷம், போனவர்கள் திரும்பி வருவார்கள், பாத்திரங்களும் வரும், இது கர்த்தருடைய வார்த்தை என்றான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் மாட்டியிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டினான். அன்றைக்கு அந்த ஜனத்துக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எரேமியாவே முதலில், ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக என்றுதான் சொல்கிறார். அவருக்கும் ஆசை இருந்தது. பிறகு கர்த்தர் அவரைத் திருப்பி அனுப்புகிறார்: நீ உடைத்தது மர நுகம், அதற்குப் பதிலாக இரும்பு நுகம் வருகிறது என்று போய்ச் சொல். அனனியா அதே வருஷம் ஏழாம் மாதத்தில் செத்துப்போனான்.

அடுத்த அதிகாரம் ஒரு கடிதம். எருசலேமில் அடுத்து ராஜாவான சிதேக்கியா பாபிலோனுக்கு அனுப்பிய ஆட்களின் கையில் எரேமியா கொடுத்தனுப்பியது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள், உங்கள் நடுவே சொப்பனம் காண்கிறவர்களுக்குச் செவிகொடாதேயுங்கள். இவ்வளவும் சொன்ன பிறகு பத்தாம் வசனத்தில்தான் கணக்கு வருகிறது: எழுபது வருஷம். அதைக் கேட்ட நாற்பது வயதுக்காரர் யாரும் உயிரோடு ஊர் திரும்பப் போவதில்லை. அவர்களைப் பார்த்துத்தான் பதினோராம் வசனம், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே என்கிறது.

கடிதம் எல்லாருக்கும் பிடிக்கவில்லை. செமாயா என்பவன் பாபிலோனிலிருந்தே எருசலேமின் ஆசாரியனுக்கு எழுதுகிறான்: இது நெடுங்காலம், வீடு கட்டுங்கள் என்று எழுதியிருக்கிறானே, அவனை ஏன் கண்டிக்காமல் விட்டீர்? காவலில் வைத்துத் தொழுமரத்தில் மாட்ட வேண்டாமா? உள்ளதைச் சொன்னவரைத்தான் அடைக்கச் சொன்னார்கள்.

உங்கள் சமாதானத்தைக் கெடுப்பது வேலை போனது மட்டும் இல்லை, தங்கச்சி. பதினோராம் வசனத்தை அனனியாவின் கெடுவோடு சேர்த்துப் பிடித்திருக்கிறீர்கள். ஜனவரியில் நம்பிக்கையாக இருக்கும். மார்ச்சில் ஒன்றும் நடக்காதபோது கர்த்தர்மேல் சந்தேகம் வரும். ஜூனில் சந்தேகப்பட்டதற்காக உங்கள்மேலேயே வெறுப்பு வரும். டிசம்பரில் புது அட்டை. கெடு இல்லாமல் அந்த வசனத்தை வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதமோ மூன்று வருஷமோ, கர்த்தர் நினைத்திருக்கிற நினைவு மாறுவதில்லை. அட்டை அச்சடிக்கிற சபைகளையும் கேட்டுக்கொள்கிறேன்: பத்தாம் வசனத்தையும் சேர்த்து அச்சடியுங்கள்.

பயம் அவிசுவாசமா? கெத்செமனேயில் இயேசு, என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது என்றார். வெளியே போராட்டங்களும் உள்ளே பயங்களும் என்று பவுல் தன்னைப் பற்றியே எழுதினார். ஜெபக்குழுவில் அடுத்த முறை யாராவது சொன்னால் இந்த இரண்டு இடத்தையும் திறந்து காட்டுங்கள். வாதாட வேண்டாம்.

எப்படி ஜெபிப்பது என்று கேட்டிருந்தீர்கள். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் படுத்தபடியே ஜெபிக்காதீர்கள். படுத்திருந்தால் ஜெபம் கடன் கணக்காக மாறிவிடும். எழுந்து வந்து முன்கூடத்தில் உட்காருங்கள். போனைத் தொடவே வேண்டாம். 13ஆம் சங்கீதத்தை மெல்லிய குரலில் வாய்விட்டு வாசியுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டில் எதுவரைக்கும் என்று நான்கு முறை கேட்கிறார் தாவீது. ஒவ்வொரு முறையும் நிறுத்தி உங்களுடையதைச் சொல்லுங்கள்: எந்த பேங்க், எவ்வளவு பாக்கி, எந்தத் தேதி. அடுத்த இரண்டு வசனத்தில் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். எங்கள் தேவைகளைச் சந்தியும் என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள். மகனின் பள்ளி பஸ் காசு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கடைசி இரண்டையும் மனம் ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் வாசித்து முடியுங்கள். பத்து நிமிஷம் போதும். நம்மவர்கள் பெரும்பாலும் தவறுவது, உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன் என்ற ஐந்தாம் வசனத்துக்கு முதலிலேயே ஓடிப்போவதில். முறையிடாமல் அங்கே போனால் வாய் ஒன்று சொல்லும், நெஞ்சு வேறொன்று சொல்லும். அதனால்தான் படபடப்பு அடங்குவதில்லை. சிலர் இரண்டாம் வசனத்திலேயே நின்று ராத்திரி முழுக்க அழுதுகொண்டிருப்பார்கள். அதுவும் வேண்டாம், ஆறு வரைக்கும் போங்கள். அந்தக் கடைசி இரண்டு வசனமும் வாயிலேயே வராத ராத்திரிக்கு 88ஆம் சங்கீதம் இருக்கிறது, கடைசி வரி வரைக்கும் இருட்டுதான். அதையும் ஜெபமென்றே வேதத்தில் வைத்திருக்கிறார்கள். 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படி முறையிடுபவைதான்.

பகலில் செய்ய வேண்டியது எரேமியா 29இன் ஐந்தாம் வசனம். வீடு கட்டுவது என்றால் உங்கள் வீட்டில் இந்த வாரம் காகித வேலை. கணவரின் மாதச் சம்பளம் 4000 வெள்ளிக்குள் என்றால், ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம் ஆட்குறைப்புத் தொகையாகக் கம்பெனி கொடுத்தாக வேண்டும். 11 வருஷத்துக்கு 220 நாள் சம்பளம். வேலை நின்ற ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டியது அது. வராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள். வீட்டுக் கடனுக்குத் தவணை தவறுவதற்கு முன்பே பேங்க்கில் போய்ப் பேசுங்கள். பேச்சு சரிவராவிட்டால் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்தில் இலவசமாக ஆலோசனை தருவார்கள்; அது பேங்க் நெகாரா அமைத்தது. அலோங் என்ற கந்துவட்டிக்காரர் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

மிக அவசரமானது சொக்சோ, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். சம்பளச் சீட்டில் எஸ்.ஐ.பி. என்று பிடித்துக்கொண்டிருந்தார்களே, அந்த வேலைக் காப்புறுதிப் பணம். தகுதிக்கேற்ப மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை கிடைக்கும். முதல் மாதம் கணக்கில் எடுக்கும் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, பிறகு குறைந்துகொண்டே வரும். தானாக ராஜினாமா செய்தவருக்குக் கிடையாது. அதனால் கம்பெனி கொடுத்த கடிதத்தில் ஆட்குறைப்பு என்றுதான் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை நின்ற நாளிலிருந்து 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்ற ஏழாம் வசனத்தையும் இதிலேயே செய்யலாம்: கணவரோடு வேலை இழந்த மலாய்க்காரரையும் சீனரையும் போனில் கூப்பிட்டு, மனுப் போட்டாயிற்றா என்று கேட்கச் சொல்லுங்கள். மூன்று பேருடைய பெயரைச் சொல்லி ஜெபியுங்கள்.

போன மாதம் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், தேதி இல்லை. இன்றைக்கே கடிதத்தை எடுத்து அந்தத் தேதியிலிருந்து அறுபது நாளை எண்ணிப் பாருங்கள். ஆன்லைனிலேயே மனுச் செய்யலாம். கணவருக்குக் கைவராவிட்டால் சபையின் வாலிபர் கூட்டத்திலிருந்து ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்து முடியுங்கள். கூப்பிடக் கூச்சப்படாதீர்கள்.

அன்புடன்,
அக்கா