மச்சான் கணக்கு

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 48 வீடுகள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் சங்கச் செயலாளராக என்னைப் போட்டுவிட்டார்கள். ராஜராஜ சோழனிடமிருந்து கற்றுக்கொள்ள நாலைந்து தலைமைப் பண்புகள் சொல்லுங்கள் சார். (மடிப்பாக்கம் வாசகர்)

பதில்: ராஜராஜனை விடுங்கள். அவரிடம் படை இருந்தது. உங்களிடம் ஒரு வாட்ச்மேன். அவருடைய கொள்ளுத்தாத்தா முதலாம் பராந்தகன் காலத்துக்குப் போவோம். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் அந்த ஊர்ச் சபையார் வெட்டி வைத்த விதிகள் உங்களுக்குச் சரியாகப் பொருந்தும். அங்கேயும் ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். பதவி 360 நாள்.

ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லி ஆள் தேர்ந்தார்களே, அந்தக் குடவோலையைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது யார் யார் பெயரை ஓலையில் எழுதக் கூடாது என்ற பட்டியல். முதல் வரியிலேயே, வாரியம் செய்து 'கணக்குக் காட்டாதே இருந்தாரை' உட்காரவைத்து விடுகிறார்கள். அதோடு விட்டார்களா? அவருடைய சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், மாமனார், மருமகன், அக்காள் தங்கை புருஷன், பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. பணம் தின்றாரா இல்லையா என்று கேட்கவே இல்லை, பாருங்கள். கணக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு இது சுட்டது. நான் வாத்தியார் வேலையில் இருந்தபோது எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பொருளாளர். ஒரு பைசா எடுக்கவில்லை. ஆனால் ரசீதெல்லாம் பிஸ்கட் டின்னில் கிடந்தது. பந்தல்காரர் கொடுத்த சீட்டு மட்டும் காணோம். அது கிடைத்ததும் கணக்கு வைக்கலாம் என்று ஏழு மாதம் ஓட்டிவிட்டேன். அடுத்த வருஷம் என் மனைவியின் தம்பி கமிட்டிக்குப் பெயர் கொடுத்தான். "முதல்ல உங்க மச்சானைக் கணக்குக் குடுக்கச் சொல்லுப்பா" என்று நடுத்தெருவில் வைத்துக் கேட்டுவிட்டார்கள். அவன் பாவம், என்ன செய்வான்! சீட்டு இல்லாமலே அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்கை எழுதினேன். பந்தல் செலவுக்கு எதிரே 'ரசீது தொலைந்தது' என்று போட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

தண்ணீர் லாரிக்கும் லிஃப்டுக்கும் ஆன செலவை மாதம் 5ஆம் தேதிக்குள் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள். துண்டு விழுந்தாலும் ஒட்டுங்கள்.

கேள்வி: குடத்திலிருந்து ஓலை எடுக்க ஏன் சின்னப் பையன்? (திருவண்ணாமலை வாசகர்)

பதில்: விவரம் தெரியாத பாலன்தான் வேண்டும் என்றே சொல்கிறது கல்வெட்டு. ஆனால் பையனைவிட, ஓலையை அவனிடமிருந்து வாங்குகிற மத்தியஸ்தனைத்தான் அதிகமாகச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா? வாங்கியவர் வாசிக்க வேண்டும். அங்கே இருக்கும் நம்பிமார், அதாவது கோயில் அர்ச்சகர்கள், அத்தனை பேரும் அதை மறுபடி வாசிக்க வேண்டும். குடத்தையும் முதலிலேயே மூத்த நம்பி ஒருவர் எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டிவிடுகிறார். எவனோ ஒரு கைகாரன் முன்பு வேலையைக் காட்டியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

கேள்வி: அப்படியானால் உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக்கொடுத்தது நாம்தானே? (தேனி வாசகர்)

பதில்: மேடையில் சொல்லலாம், கைதட்டுவார்கள். அது பிராமணர் ஊர்ச் சபை. கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டுகிற நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி எல்லாம் இருந்தால்தான் பொதுவாகப் பெயர் குடத்துக்குள் போகும். பெண்களுக்கு இடமில்லை, அந்த நிலத்தில் ஏர் ஓட்டியவருக்கும் இல்லை.

எனக்கு வியப்பு வேறு இடத்தில். 919இல் வெட்டிய விதியில் வயது 30 முதல் 60. இரண்டே வருஷத்தில், 921இல், அதை 35 முதல் 70 என்று மாற்றி மறுபடி கல்லில் வெட்டினார்கள். பழைய கல்வெட்டைச் செதுக்கி அழிக்கவில்லை. அந்த ஊருக்குப் போனால் இரண்டையும் பார்க்கலாம். டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால்தான் எழுத்து எழும்பும்.