பத்து விரலும் இருக்கிறது, ஆனால் பிடி இல்லை: நட்டஈடு கேட்கலாமா?

கேள்வி: நெடுங்கேணிப் பக்கம் ஒரு கல்குவாரியில் ஏழு வருடமாகத் துளை போடும் மெசின் பிடிக்கிறேன். நாள் கூலி, நியமனக் கடிதம் இல்லை. ஒரு வருடமாக இரண்டு கை விரல்களும் விறைக்கின்றன, இரவில் எரிகின்றன. சட்டைப் பொத்தான் பூட்டவும் மனைவிதான் வர வேண்டும். முதலாளியிடம் சொன்னால், "பத்து விரலும் இருக்குதுதானே, இதுக்கு என்ன நட்டஈடு?" என்கிறார். ஐம்பதாயிரம் தருகிறேன், ஒரு தாளில் கையெழுத்து வைத்துவிட்டு வேலையை விட்டு நில் என்கிறார். என்ன செய்யலாம்? என் மச்சானும் இதே மெசினில்தான் நிற்கிறான்.

பதில்: அந்தத் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். நீங்களாக வேலையை விட்டும் வந்துவிடாதீர்கள். மிச்சத்தை ஆறுதலாகப் பார்ப்போம்.

இலங்கையின் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில், எந்த உறுப்புப் போனால் எத்தனை வீதம் என்று ஓர் அட்டவணை உண்டு. உங்கள் முதலாளி அதை மட்டும் கேள்விப்பட்டிருக்கிறார் போல. விரல் துண்டாகப் போனால்தான் என்றில்லை. உழைக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதும் அங்கே கணக்குத்தான். பொத்தான் பூட்ட முடியாத கை நாளைக்கு எந்த வேலையைப் பிடிக்கும்?

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. உங்களுடையது விபத்தல்ல, மெசினின் அதிர்வால் வரும் நோய் போலத்தான் தெரிகிறது. வேலையால் வரும் நோய்களுக்கு அதே சட்டத்தில் மூன்றாம் அட்டவணை இருக்கிறது. வைத்தியர் எழுதும் நோயின் பெயர் அதோடு பொருந்தினால், வேலையால்தான் வந்தது என்று நிரூபிக்கும் பாரம் வெகுவாகக் குறையும். பொருந்தாவிட்டால் வழக்குக் கடினம், அதை மறைக்க மாட்டேன். அதனால் உங்கள் வழக்கு என் மேசையில் தொடங்குவதில்லை, உங்கள் கிளினிக் கொப்பியில் தொடங்குகிறது.

இந்த நோய் புதிதல்ல. 1918இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், காற்றழுத்த மெசினால் சுண்ணாம்புக்கல் செதுக்கியவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்துப் போவதை அலிஸ் ஹமில்டன் என்ற வைத்தியர் ஆராய்ந்தார். விரல் இப்படி வெளுப்பதால் இதற்கு 'வெள்ளை விரல்' என்றும் பெயர். ஆனால் வன்னி வெயிலில் விரல் லேசில் வெளுக்காது. எங்கள் பக்கம் விறைப்பு, எரிவு, பிடி தளர்வுதான் முன்னுக்கு நிற்கும். மெசின் பற்றி நீங்கள் வாய் திறக்காவிட்டால், சீனி வருத்தமோ என்று இரத்தம் சோதித்து அனுப்பிவிடுவார்கள். வைத்தியரிலும் பிழையில்லை. என்ன மெசின், ஒரு நாளில் எத்தனை மணி நேரம், எத்தனை வருடம் என்று சொல்லி, அதைக் கொப்பியில் எழுதும்படி கேளுங்கள். நரம்புச் சோதனைக்கு எழுதித் தந்தால் யாழ்ப்பாணம் என்றாலும் போய் வாருங்கள். மார்கழி, தையில் விடியக் கிணற்றுத் தண்ணீர் பட்டு விரல் நுனி வெளுத்தால் உடனே போனில் படம் எடுத்து வையுங்கள். அது சில நிமிடத்தில் மறைந்துவிடும்.

சர்வதேச தொழில் தாபனம் 2010இல் திருத்திய நோய்ப் பட்டியலில், அதிர்வால் தசை, மூட்டு, இரத்தக் குழாய், நரம்பு ஆகியவற்றில் வரும் நோய்கள் இருக்கின்றன. அது இங்கே தானாகச் சட்டமாகாது. ஆனாலும் காட்டலாம், கோரிக்கைக்குப் பலம்.

அடுத்தது, நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கான சான்று. முதலாளியின் தொழிலுக்காகச் செய்த வேலை என்றால் நாள் கூலி ஒரு தடையல்ல. சம்பளம் எழுதித் தந்த சிட்டை, மெசினோடு நிற்கும் படம், கூட நின்றவர்களின் சத்தியக் கடதாசி எல்லாவற்றையும் சேருங்கள். ஊழியர் சேமலாப நிதி கட்டியிருக்கிறார்களா? முதலாளி 12 வீதமும் நீங்கள் 8 வீதமும் கட்ட வேண்டும், நாள் கூலிக்கும் அது உண்டு. கட்டவில்லை என்றால் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். அந்த விசாரணையில் நீங்கள் அவருடைய வேலையாள் என்று பதிவாகிவிட்டால், அதே பதிவு நட்டஈட்டுக்கும் உதவும். நான் அடிக்கடி பிடிக்கும் வழி இது.

அப்புறம் நோயை முதலாளிக்கு எழுத்தில் அறிவித்து, பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டை வைத்திருங்கள். வேலையில் இருக்கும்போதே அனுப்புங்கள். கோரிக்கை நட்டஈட்டு ஆணையாளருக்குப் போகும். அதற்குக் காலக்கெடு உண்டு, இழுத்தடிக்க வேண்டாம். 2022 திருத்தத்தின்படி உச்சத் தொகை 20 இலட்சம். அது எல்லாருக்கும் கிடைப்பதல்ல, சம்பளத்தையும் இயலாமையின் வீதத்தையும் பார்த்துத்தான் வரும். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

ஐம்பதாயிரம்? நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தம் செல்லாது. ஆனால் கையெழுத்துக்கு மேலே இடம் வெறுமையாக இருந்தால், 'என் விருப்பப்படி விலகினேன்' என்று பிறகு நிரப்ப எவ்வளவு நேரம் எடுக்கும்? அதைப் பொய்யென்று காட்ட எனக்கு மாதக்கணக்கில் போகும்.

மச்சானிடம் சொல்லுங்கள்: மெசினை இறுக்கிப் பிடிக்க வேண்டாம், மழுங்கிய உளியோடு வேலை செய்ய வேண்டாம், இடையிடையே கையை ஆற விடட்டும். பீடி பிடித்தால் விடட்டும், அது விரலுக்குப் போகும் இரத்தத்தை இன்னும் சுருக்கும். அவனுக்கு விறைப்பு இப்போதுதான் தொடங்குகிறது என்றால், உங்களோடு அதே கிளினிக்குக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.