வாகனம்: கேள்வி பதில் – திரும்ப மறுக்கும் சாவி

கேள்வி: நான் வைத்திருப்பது இருபது ஆண்டுகளைத் தாண்டிய கார். சில மாதங்களாக இக்னிஷனில் சாவியைப் போட்டால் எளிதில் திரும்புவதில்லை; சற்றே வெளியே இழுத்து, மேலும் கீழும் ஆட்டினால்தான் திரும்புகிறது. போதாக்குறைக்கு, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருமுறை சாவி கையோடு வந்துவிட்டது. சாவி நுழைந்து திரும்பும் உருளையான லாக் சிலிண்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். ஆட்டித் திருப்பினால் வேலை நடக்கிறதே, முழுவதும் பழுதாகும்வரை பொறுத்திருக்கலாமா? இதை நானே மாற்ற முடியுமா?

பதில்: பொறுத்திருக்க வேண்டாம். சாவி இன்னும் திரும்புகிறது என்பதுதான் இப்போது உங்களுக்கு இருக்கும் பெரிய வசதி. பெரும்பாலான பழைய கார்களில் சிலிண்டரைக் கழற்றுவதற்கே சாவியை ஒரு குறிப்பிட்ட நிலைக்குத் திருப்பியாக வேண்டும். அந்த நிலையில்தான் சிலிண்டரைப் பிடித்திருக்கும் சிறிய பின் உள்ளே அமுங்கும். சாவி அறவே திரும்பாமல் போனபின் வேலையைத் தொடங்கினால், சிலிண்டரை டிரில்லால் துளைத்தெடுக்க நேரிடும். அப்போது அது பொருந்தியிருக்கும் வெளிக்கூடும் சேதமடையலாம், செலவும் அதிகமாகும்.

சிலிண்டருக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கிறது. சரியான சாவி உள்ளே போகும்போது அதன் வெட்டுகள் எல்லாத் தகடுகளையும் சிலிண்டரின் விளிம்புக்குச் சமமாக நிறுத்துகின்றன. ஒரே ஒரு தகடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் சிலிண்டர் திரும்பாது. நீங்கள் சாவியை ஆட்டும்போது, தேய்மானத்தால் இடம் தவறிய தகட்டைத் தற்செயலாகச் சரியான உயரத்துக்குக் கொண்டுவருகிறீர்கள், அவ்வளவுதான் நடக்கிறது. சிலிண்டர் திரும்பியபின் இதே தகடுகள் அசைய இடமில்லாமல் சாவியின் பள்ளங்களைப் பற்றிக்கொள்ள வேண்டும். பற்றிக்கொள்ளும் அளவுக்கு மேடும் பள்ளமும் மிஞ்சாதபோது சாவி நழுவி வெளியே வருகிறது. இதைச் சிறு தொந்தரவாக எண்ணிவிட முடியாது. சாவி கையில் இருப்பதால் வண்டி அணைந்துவிட்டது என்று நம்பி ஓட்டுநர் இறங்கிப் போக, வண்டி தானாக நகரும் ஆபத்து இருக்கிறது. 2014ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இருபது லட்சத்துக்கும் அதிகமான பழைய கார்களின் லாக் சிலிண்டர்களை மாற்றித்தர முன்வந்ததற்குக் காரணம், என்ஜின் ஓடும்போதே சாவியை உருவ முடிந்ததுதான்.

இருந்தாலும், உதிரிபாகம் வாங்குமுன் சாவியைச் சந்தேகியுங்கள். தகடுகள் தேயும்போது சாவியும் சேர்ந்தே தேய்கிறது. தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டிய டூப்ளிகேட்டில் அதே தேய்மானம் அப்படியே இறங்கிவிடுகிறது. அதிகம் பயன்படுத்தாத மாற்றுச்சாவி வீட்டில் இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். அது தடையின்றித் திரும்பி, ஓடும் நிலையில் வெளியே வராமலும் இருந்தால் குற்றவாளி பழைய சாவிதான். மாற்றுச்சாவி இல்லையென்றால், கார் வாங்கியபோது தந்த உலோக வில்லையில் உள்ள சாவி எண்ணைக் கொண்டோ, சேசிஸ் எண்ணைக் காட்டி விற்பனையாளரிடம் கேட்டுப் பெறும் எண்ணைக் கொண்டோ, தொழிற்சாலை அளவிலேயே புதுச் சாவி வெட்டச் சொல்லுங்கள். சிலிண்டரை விட அது மலிவு. பலருக்கு அதுவே போதுமானதாக இருந்துவிடும்.

சக்கரம் ஒடித்த நிலையில் நிறுத்தியபின் மட்டும் சாவி இறுகினால், ஸ்டியரிங் பூட்டின் மீது சுமை விழுந்திருக்கிறது என்று பொருள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் மெல்ல அசைத்தபடி சாவியைத் திருப்பினால் விடுபடும். சாவி நன்றாகத் திரும்பியும் விளக்குகள் எரியாவிட்டாலோ, ஓடும்போது மின்சாரம் விட்டுவிட்டு வந்தாலோ, பழுது சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும் இக்னிஷன் சுவிட்சில் இருக்கலாம். அது தனிப் பாகம். சாவித்துளைக்குள் எண்ணெய் விட வேண்டாம். எண்ணெய் முதலில் வழுக்கும், பிறகு தூசியைச் சேர்த்துப் பசையாக்கிவிடும். உலர்ந்த கிராஃபைட் தூள் சிறிதளவு போதும்.

சிலிண்டரையே மாற்றுவது என்று முடிவானால், பொறுமையுள்ள எவராலும் செய்யக்கூடிய வேலைதான். பழைய ரேடியோக்கள் சில, மின்சாரம் துண்டிக்கப்பட்டால் ரகசிய எண் கேட்கும். அதை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியானால், கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம்வரை காத்திருந்து, ஸ்டியரிங் சக்கரத்தில் கை வைக்காமல், அதன் தண்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மூடியை மட்டும் திறக்க வேண்டும். சாவியைக் கையேடு சொல்லும் நிலைக்கு, பல கார்களில் ரேடியோ இயங்கும் அந்த முதல் நிலைக்கு, திருப்பி, கூட்டிலுள்ள சிறு துளை வழியே மெல்லிய கம்பியால் பின்னை அமுக்கினால், சிலிண்டர் சாவியோடு வெளியே வரும். அப்போது உள்ளே தெரியும் சுவிட்சின் திருகுமுனை எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்த்துவைத்து, புதிய சிலிண்டரையும் அதே நிலையில் செருகுங்கள். அந்தச் சிறிய பின் சொடுக்கென்று தன் இடத்தில் விழ வேண்டும். மூடியைப் போடுமுன் சாவியை எல்லா நிலைகளுக்கும் திருப்பிப் பாருங்கள். ஸ்டியரிங் பூட்டிக்கொண்டு பிறகு விடுபடுகிறதா, ஓடும் நிலையில் இழுத்தாலும் சாவி வராமல் இருக்கிறதா என்று சோதியுங்கள். முழுக் கூட்டையும் மாற்ற வேண்டியிருந்தால் மட்டும் மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் இறுக்கியதும் தலை முறிந்துபோகும்படி செய்யப்பட்டவை, சாதாரண ஸ்பேனருக்கு அகப்படா.

கேள்வி: புதிய சிலிண்டர் போட்டால் கதவுக்கு ஒரு சாவி, இக்னிஷனுக்கு ஒரு சாவி என்று இரண்டைச் சுமக்க வேண்டுமா?

பதில்: கட்டாயமில்லை. சாவி செய்பவரிடம் கொடுத்தால், புதிய சிலிண்டரின் தகடுகளை உங்கள் கதவுச் சாவியின் வெட்டுக்கு ஏற்ப மாற்றி அடுக்கித் தருவார். பழைய சிலிண்டரின் தகடுகளையே எடுத்துப் பொருத்துவதில் பயனில்லை, தேய்ந்தவை அவைதாமே. அடுக்கும் வேலைக்கும் தேய்ந்த சாவியைத் தராமல், சாவி எண்ணைத் தருவது முக்கியம்.

கேள்வி: என் சாவியின் தலையில் சிப் இருக்கிறது. சிலிண்டர் மாற்றினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது என்கிறார்கள், உண்மையா?

பதில்: பாதி உண்மை. வண்டி அடையாளம் காண்பது சாவியிலுள்ள சிப்பைத்தான். சிலிண்டரை அது அறியாது. சிப்பைப் படிக்கும் வளையம் சாவித்துளையைச் சுற்றி இருக்கும். அதை உடைக்காமல் கழற்றிப் புதிய சிலிண்டரில் மாட்ட வேண்டும். தகடுகளைப் பழைய சாவிக்கு ஏற்ப அடுக்கிக்கொண்டால் அதே சாவியோடு வண்டி கிளம்பும். புதிய சாவிதான் என்றால், அதன் சிப்பை வண்டியின் இம்மொபிலைசரில் (தெரியாத சாவிக்கு என்ஜினை இயங்கவிடாத திருட்டுத் தடுப்புக் கருவி) பதிவு செய்ய வேண்டும். சில வண்டிகளில் அதற்கு ஏற்கெனவே பதிவான சாவி ஒன்றும் தேவைப்படும். ஆகவே பழைய சாவியை உடனே தூக்கிப்போட வேண்டாம்.